வாய்க்கு இனித்த பேச்சு

ஓசூரில் ஒருவனுக்கு மூன்று மொழி தெரியும் என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மத்திகிரி பஸ்ஸில் கீரைக்கட்டோடு ஏறும் பெண்ணுக்கே மூன்று தெரியும். வீட்டில் தெலுங்கு, அத்திப்பள்ளி சந்தையில் கன்னடம், கம்பெனியில் தமிழ். எதிரில் நிற்பவர் எந்தப் பேச்சில் கேட்கிறாரோ அதே பேச்சில் பதில் சொல்லிவிடுவது இந்த ஊர் வழக்கம். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். பிளப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. விலை பேச, வேலை கேட்க, சண்டை வந்தால் வைய எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு எடுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் ஒரு சொல்லைச் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள்.

திம்மப்பன் ஒருவன்தான் எந்தத் தேவையும் இல்லாமல் நாலாவதாக ஒரு மொழியைப் படித்தவன். அது இத்தாலிக்காரர்களின் மொழி. நன்றாக இருந்தது, படித்தான். வேறு காரணம் அவனைக் கேட்டாலும் வராது. அந்த ஆசை கடைசியில் அவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜூஜுவாடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவனுக்கு. அடுத்தவர் நிலத்தில் ராகி அறுத்த குடும்பம். தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை போனான். நிலத்துக்காரர்கள் ஒவ்வொருவராகக் கம்பெனிகளுக்கு நிலத்தை விற்றபோது, ராகி அறுத்தவர்கள் என்ன ஆவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவர்களே போய்க் கம்பெனி வாசலில் நின்றார்கள். திம்மப்பனும் நின்றான். எண்பத்தேழாம் வருஷம் நெடுஞ்சாலை ஓரத்தில் புதிதாக வந்த கிரானைட் பாலீஷ் தொழிற்சாலையில் ஹெல்பர் வேலை கிடைத்தது. மத்திகிரியில் ஒரு அறை வாடகைக்கு எடுத்து மனைவி செல்லியைக் கூட்டிவந்தான். ஒரு வருஷம் கழித்து, அழுது கெஞ்சி, செல்லியின் தம்பி கிருஷ்ணப்பனையும் அதே தொழிற்சாலையில் சேர்த்துவிட்டான். தம்பிக்கு வேலை வாங்கிக்கொடுத்த புருஷன் என்று செல்லி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

கருங்கல்லைப் பலகை பலகையாக அறுக்கும் பெரிய ரம்பம் ஒன்று இத்தாலியிலிருந்து மரப்பெட்டிகளில் வந்து இறங்கியது. அதோடு ஆல்தோ என்றொரு ஃபிட்டரும் வந்தான். முப்பது வயது, சிவந்த மூக்கு, ஓயாத வாய். அவனுக்கு இங்கிலீஷ் வராது. மேனேஜர் பாஸ்கரன் விருதுநகர்ப் பக்கத்து ஆள், பி.காம். படித்தவர், தன் இங்கிலீஷில் தனக்கே ஒரு மயக்கம் உள்ளவர். அந்த இங்கிலீஷ் ஆல்தோவிடம் சுவரில் எறிந்த பந்தாகத் திரும்பி வந்தது. அந்தக் கோபத்தில் திம்மப்பனைப் பிடித்து ஆல்தோவிடம் தள்ளிவிட்டார். "ஸ்பேனர் எடுத்துக் குடுக்க ஒரு ஆளு வேணுமாம். நீ போ. அந்தப் பய கத்துறதைக் கேட்டுக்கிட்டுக் கெட."

எட்டு மாதம் கேட்டுக்கொண்டு கிடந்தான். ஆல்தோ ஒன்றும் பாடம் நடத்தவில்லை. கையை நீட்டி "மர்த்தெல்லோ" என்பான், இவன் சுத்தியலைக் கொடுப்பான். "கியாவே" என்பான், ஸ்பேனர். தவறான சாமானைக் கொடுத்தால் வீசி எறிவான். மூன்றாம் வாரத்தில் வீசி எறிவது நின்றுவிட்டது. ஐந்தாம் மாதத்தில் ஆல்தோ தன் ஊர்ச் சண்டையை, மைத்துனன் செய்த துரோகத்தை எல்லாம் சொல்ல, திம்மப்பன் "ஏன் விட்டாய்?" என்று அவன் பேச்சிலேயே கேட்டான். ஆல்தோ கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் இவனையே பார்த்தான். பிறகு அடுத்த போல்ட்டைக் கேட்டான்.

திம்மப்பனுக்கு அந்தப் பேச்சில் என்ன பிடித்தது? சொற்கள் எல்லாம் வீட்டுத் தெலுங்கைப் போலவே கடைசியில் வாயைத் திறந்தபடி முடிந்தன. ஆக்குவா என்றால் தண்ணீர். லூச்சே என்றால் வெளிச்சம். பியேத்ரா என்றால் கல். நாள் முழுக்கக் கல்தூசி தின்ற வாய்க்கு அதைச் சொல்லச் சொல்ல இனித்தது. பழைய லாரி ரசீதுகளின் பின்பக்கத்தில் அந்தச் சொற்களைத் தெலுங்கு எழுத்தில் எழுதிக்கொண்டான். மரப்பெட்டிகளின் மேல் அச்சடித்திருந்ததைப் பார்த்து அவர்கள் எழுத்தையும் பிடித்துக்கொண்டான். எழுதினது எதுவோ அதுதான் உச்சரிப்பு, இங்கிலீஷைப் போல ஏமாற்றுகிற வேலை இல்லை என்று அவனுக்கு அதில் தனி சந்தோஷம். ஆல்தோ ஊருக்குப் போன பிறகும் விடவில்லை. உதிரிபாகப் பெட்டிகளில் பொதிந்து வரும் இத்தாலியப் பேப்பர்களை நீவி நீவி வீட்டுக்குக் கொண்டுபோனான். ஏதோ ஓர் ஊரில் பாலம் இடிந்த செய்தியை ஒரு மாதம் படித்தான்.

"ஏமய்யா, வெள்ளைக்காரனோட செத்த பேப்பரை எதுக்குக் கொண்டாந்து அடுக்கறே? எலி குட்டி போடவா?" என்று செல்லி தெலுங்கில் கேட்பாள். கேட்டுவிட்டுச் சிரிப்பாள். அந்த வீட்டில் தெலுங்கைத் தவிர வேறு பேச்சு நுழைந்ததில்லை. தமிழ், ரேஷன் கடைக்காரருக்கும் வீட்டு ஓனருக்கும் உரியது. வாசலில் அவர்கள் தலை தெரிந்தால் செல்லி தமிழுக்கு மாறி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "சொல்லுங்க" என்பாள். அவர்கள் போனதும் போர்வையும் தமிழும் ஒன்றாக இறங்கிவிடும்.

தொழிற்சாலையில் அவனைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. கிரேன் ஓட்டும் வெள்ளைச்சாமி ஒருநாள் நேராகவே கேட்டான். "இதைப் படிச்சா சம்பளம் ஏத்துவாங்களா?"

"இல்லப்பா."

"பெங்களூர்ல வேற வேலை எதாச்சும்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"அப்பறம் எதுக்குய்யா மாஞ்சு மாஞ்சு படிக்கிற?"

"நல்லா இருக்குதுப்பா" என்றான் திம்மப்பன். வெள்ளைச்சாமி அதை ஷெட் முழுக்கச் சொல்லிச் சிரித்தான். குடிக்கிறவனும் சீட்டாடுகிறவனும் நல்லா இருக்குது என்று சொன்னால் இந்த ஊருக்குப் புரியும். ஒருவன் சொற்களைச் சேர்த்துவைத்து நல்லா இருக்குது என்றால் அவனுக்கு மறை கழன்றுவிட்டது.

மைத்துனன் கிருஷ்ணப்பன் மட்டும் வேறு மாதிரி. அக்கா புருஷனை "ஆக்குவா பாவா" என்று கூப்பிடுவான். அதில் கிண்டல் பாதி, பெருமை பாதி. கல் அறுபட்டு முடியும் தறுவாயில் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துவிடாமல் இடுக்குகளில் மர ஆப்பு அடிக்கிற வேலை அவனுக்கு. இருபத்திரண்டு வயது. நாராயணம்மாவைக் கட்டி ஆறு மாதம் ஆகியிருந்தது.

ஆள் உள்ளே போய்வரும் அளவுக்குப் பெரிய அந்த ரம்பத்துக்கு ஒரு கம்பிக்கதவு உண்டு. கதவைத் திறந்தால் ஓட்டம் தானாக நின்றுவிடும். அப்படித்தான் இத்தாலிக்காரர்கள் செய்து அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு முறை ஆப்பு அடிக்கவும் கதவைத் திறக்க வேண்டும், ரம்பம் நிற்கும், திரும்பவும் வேகம் பிடிக்க அரைமணி ஆகும். பாஸ்கரனுக்கு அந்த அரைமணி கண்ணை உறுத்தியது. மின்சாரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே நூறு ஒயர், கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த வரைபடம் முழுக்க இத்தாலி எழுத்து. எலெக்ட்ரீஷியன் பெங்களூரிலிருந்து வர இரண்டு நாள் ஆகும்.

"திம்மப்பா, நீதான் பெரிய இத்தாலிப் பண்டிதனாச்சே. இதுல கதவோட ஒயரு எதுன்னு பாரு" என்றார்.

மூன்று வருஷத்தில் அந்தப் பேச்சை முன்னிட்டு அவனை ஒருவர் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. திம்மப்பன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தான். கேட்டது ஒரு ஒயர். அவன் மேலிருந்து கீழே எல்லாவற்றையும் படித்தான். இது தண்ணீர் பம்பு, இது எண்ணெய், இது வெளிச்சம், இது கதவு. சுற்றி நின்றவர்கள் முதல்முறையாகச் சிரிக்காமல் பார்த்தார்கள். கிருஷ்ணப்பன் பக்கத்தில் நின்றவனை முழங்கையால் இடித்து, "எங்க பாவா" என்றான். வரைபடத்துக்குக் கீழே சிவப்புத் தகடு ஒன்று. அதையும் திம்மப்பன் விடவில்லை. குரலை உயர்த்தி, ஆல்தோ சொல்கிற மாதிரியே, "பெரிகோலோ தி மோர்த்தே" என்று படித்தான்.

"அப்பிடின்னா?"

"இதைத் தொட்டா சாவுன்னு எழுதியிருக்குதுங்க சார்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மோர்த்தே என்ற சொல் உருண்டு வந்து நின்ற விதம் அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

"சரி சரி, அந்தக் கதவு ஒயரை அங்கிட்டு முறுக்கிக் கட்டிவிடு. தொறந்தாலும் ஓடணும்" என்றார் பாஸ்கரன். மற்றவர்களை வேலைக்கு விரட்டிவிட்டார். பெட்டிக்கு முன்னால் அவர்கள் இரண்டு பேரும் கிருஷ்ணப்பனும் மட்டும் நின்றார்கள். திம்மப்பன் கட்டினான். தன் கையால், இடுக்கி பிடித்து, மூன்று முறுக்கு. மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. தன்னைக் கேட்டார்களே என்ற பூரிப்பில் மூளை வேலை செய்யவில்லை. அன்று சாயங்காலம் மத்திகிரி பஸ்ஸில் வரும்போது அவனைப் போல ஒரு சந்தோஷமான மனிதன் அந்த ஊரில் இல்லை.

அதற்குப் பிறகு கிருஷ்ணப்பன் ஓடுகிற ரம்பத்துக்குள் போய் ஆப்பு அடித்தான். மரக் கொட்டாப்புளியைச் சுத்தியல் மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நுழையும்போதெல்லாம், "பெரிகோலோ தி மோர்த்தே" என்று ராகம் போட்டுப் பாடுவான். ஷெட்டுக்கே அது விளையாட்டாகிவிட்டது. ஐந்து மாதம் பாடினான். தொண்ணூறாம் வருஷம் ஐப்பசியில் ஒரு காலை ஷிப்டில் பாடிக்கொண்டே உள்ளே போனான். ஈரத்தில் கால் வழுக்கியது. ரம்ப வாள்களைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுகிற இரும்புச் சட்டம் அவனைத் தூணோடு சேர்த்து நசுக்கியது. கதவு திறந்துதான் இருந்தது. ரம்பம் நிற்கவில்லை. திம்மப்பன் ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்குவதற்குள் சட்டம் ஏழெட்டு முறை போய்வந்துவிட்டது.

போலீஸ் வந்தது, டீ குடித்தது, விபத்து என்று எழுதிக்கொண்டு போனது. சாவு வீட்டில் நாராயணம்மா மண்ணில் புரண்டாள். செல்லி திம்மப்பனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். "கதவு தொறந்தா நின்னுடும்னு நீதானே சொன்னே? ஏன் நிக்கல?" ஒயரைக் கட்டியது யார் என்று மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருவன் செத்துவிட்டான். ஒருவர் மேனேஜர். மூன்றாவது ஆள் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சோறு தின்று, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் படுத்தான்.

மிஷினில் ஆள் செத்தால் விற்றவனுக்கும் தலைவலி. இத்தாலியிலிருந்து விசாரிக்க ஆள் அனுப்புகிறோம் என்று தந்தி வந்தது. பாஸ்கரன் திம்மப்பனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த ஆல்தோதான் வாரானாம். உன்கிட்டத்தான் கேப்பான். கிருஷ்ணப்பன் குடிச்சிருந்தான், ஒயரையும் அவனே முறுக்கி வச்சிட்டான்னு சொல்லிரு. செத்தவனுக்கு இனிமே என்ன வந்துரப் போவுது?"

"நாராயணம்மாவுக்கு ஒண்ணும் கிடைக்காம போயிடுமேங்க சார்."

"அவளுக்குக் கெடைக்கலேன்னா உனக்கு வேலை இருக்கும். கெடைச்சா உனக்கு ஜெயிலு. கட்டினது எவன் கையி? யோசிச்சுக்க."

யோசிக்க அதில் என்ன இருக்கிறது. பழி செத்தவன் தலையில் விழுந்தால் அவன் பெண்டாட்டி தெருவில் நிற்பாள். விழாவிட்டால் அது மேனேஜர் தலைக்குப் போகாது, இவன் தலைக்குத்தான் வரும். திம்மப்பன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆல்தோ வந்தான். மூக்கு இன்னும் சிவந்திருந்தது. ரம்பத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், பெட்டியைத் திறந்தான், மூன்று முறுக்கையும் பார்த்தான். பிறகு திரும்பி, "தீமா, என்ன நடந்தது?" என்று அவன் பேச்சில் கேட்டான். இரண்டடி தள்ளிப் பாஸ்கரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கேட்ட பேச்சில் பதில் சொல்வது இந்த ஊர்க்காரன் வாய்க்குத் தானாக வருவது. திம்மப்பன் வாயைத் திறந்தான். பொய்தான் வரப்போகிறது என்று அவனே நினைத்திருந்தான். "ஈயோ" என்றான். நான் என்று அர்த்தம். நான்தான் கட்டினேன் என்றான். வீட்டில் தெலுங்கில் ஒரு மாதமாகத் தொண்டையை விட்டு வெளியே வராத சொல் இந்தப் பேச்சில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இந்தப் பேச்சில் அவனுக்கு அம்மா இல்லை, பெண்டாட்டி இல்லை, வெட்கப்பட ஒருத்தரும் இல்லை. மேனேஜர் கேட்டது, வரைபடத்தைப் படித்தது, சிவப்புத் தகடு, எல்லோரும் சிரித்தது, மைத்துனன் பாடினது என்று கால்மணி நேரம் பேசினான். பக்கத்தில் பாஸ்கரன் ஒரு சொல்லும் புரியாமல், ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். பேசி முடித்தபோது நெஞ்சில் ஒரு மாதம் கிடந்த கல் இறங்கிப் போயிருந்தது. எங்கேயும் தடுமாறாமல் பேசியிருக்கிறோம் என்பதும் அவனுக்குத் தெரிந்தது. அந்த நேரத்திலும் அது தெரிந்தது.

ஆல்தோ அவன் தோளில் கை வைத்தான். கண் கலங்கியிருந்தது. "பிராவோ, தீமா. எவ்வளவு அழகாகப் பேசுகிறாய்" என்றான்.

"சொன்ன மாதிரியே சொல்லிட்டியா?" என்று பாஸ்கரன் கேட்டார்.

"சொல்லிட்டனுங்க சார்."

ஆல்தோ எல்லாவற்றையும் எழுதுவான் என்று திம்மப்பன் நம்பினான். ஒயரைக் கட்டியவனையும் எழுதுவான், கட்டச் சொன்னவரையும் எழுதுவான். தண்டனை வந்தால் இரண்டு பேருக்கும் வரட்டும், நாராயணம்மாவுக்குச் சேர வேண்டியது சேரட்டும் என்று இருந்தான். அவன் மறந்தது ஒன்று. அந்தத் தொழிற்சாலை இன்னொரு ரம்பத்துக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. ஆல்தோ கண் கலங்கத் தெரிந்தவன். சம்பளம் வாங்கவும் தெரிந்தவன்.

மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட் வந்தது. மேலே இங்கிலீஷில் இரண்டு வரிக் கடிதம்: விவரம் இணைப்பில். இணைப்பு டைப் அடித்த ஒரு பக்கம், முழுக்க இத்தாலி. அன்றைக்குத்தான் நாராயணம்மாவை நஷ்டஈடு விஷயமாக ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். துணைக்குச் செல்லி வந்திருந்தாள். இரண்டு பேரும் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பாஸ்கரன் திம்மப்பனைக் கூப்பிட்டுக் காகிதத்தை நீட்டினார்.

"படிச்சுத் தமிழ்ல சொல்லு. யாரு தப்புன்னு போட்டிருக்கான்?"

திம்மப்பன் ஒரு முறை மனதுக்குள் படித்தான். மிஷினில் குறை இல்லை. நிர்வாகத்தின் மேல் குறை இல்லை. இறந்த தொழிலாளி மேலும் குறை இல்லை. திம்மப்பன் என்ற ஹெல்பர், யாரும் சொல்லாமல், மிஷின் மேலும் அதன் மொழி மேலும் தனக்கிருந்த சொந்த ஆர்வத்தால் வரைபடத்தைப் படித்துப் பாதுகாப்பு ஒயரை முறுக்கிக் கட்டியிருக்கிறான். இதை அவனே என்னிடம் தெளிவான இத்தாலிய மொழியில் ஒப்புக்கொண்டான். கீழே ஆல்தோவின் கையெழுத்து.

அந்த அறையில் அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். கிருஷ்ணப்பன் தப்பு என்று எழுதியிருக்கிறது என ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாஸ்கரன் காத்திருந்ததே அந்த வார்த்தைக்குத்தான். கண்ணாலேயே சொல், சொல் என்றார். வேலை இருக்கும், வீடு இருக்கும், பக்கத்தில் நிற்கிற செல்லி இருப்பாள். நாராயணம்மா மட்டும் வெறுங்கையோடு போவாள். அவளுக்குக் காரணம் கடைசிவரை தெரியாது.

திம்மப்பன் படித்தான். ஒவ்வொரு வரியாக முதலில் இத்தாலியில், பிறகு தமிழில், எழுதியது எழுதியபடி. இதற்காக அவன் கழுத்தில் யாரும் மாலை போட வேண்டாம். நாராயணம்மாவை நினைத்துச் செய்தானா என்றால் பாதிதான். மீதிப் பாதி, அந்தப் பேச்சில் ஒரு சொல்லைக்கூட அவன் அதுவரை தப்பாகச் சொன்னதில்லை. இருக்கிற வரியை இல்லாத வரியாகப் படிக்க அவன் நாக்கு திரும்பவில்லை. இன்னும் கேவலமான ஒன்றும் உண்டு. ஆல்தோ நன்றாக எழுதியிருந்தான். வரிகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு அழகாக இறங்கின. தன் கழுத்துக்குக் கயிறு திரித்த அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதும் திம்மப்பனுக்கு வாய் இனித்தது.

பாஸ்கரன் முகத்தில் முதலில் ஏமாற்றம் தெரிந்தது. தன் பெயர் எங்கேயும் இல்லை என்று உறைத்ததும் முகம் தெளிந்துவிட்டது. காகிதத்தை வாங்கி மடித்தார்.

"நீங்கதானேங்க சார் கட்டச் சொன்னீங்க" என்றான் திம்மப்பன்.

"அப்பிடியா எழுதியிருக்கு? இன்னொருக்கா பாத்துச் சொல்லு."

"இல்லைங்க."

"யாரும் சொல்லாமன்னு நீதானப்பா இப்பப் படிச்சே?"

"ஆமாங்க."

"அப்பறம் என்ன. நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராத."

நாராயணம்மாவுக்குத் தமிழ் அரைகுறை. செத்த கணவனைப் பற்றிய பேச்சும், எதையோ கட்டிய பேச்சும் காதில் விழுந்தனவே தவிர விஷயம் பிடிபடவில்லை. அவனை அண்ணன் முறை வைத்துத்தான் அவள் கூப்பிடுவாள். "ஏம் ராசினாரு அன்னா?" என்று கேட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று. பிறகு மெதுவாக, "கட்டிந்தி எவரு?" என்றாள். கட்டியது யார்?

இத்தாலியில் சொல்லியாயிற்று. தமிழில் சொல்லியாயிற்று. மிச்சம் இருந்தது தாய்ப்பேச்சு ஒன்று. கேட்ட பேச்சில் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்.

"நேனே" என்றான் திம்மப்பன். நான்தான்.

நாராயணம்மா அலறவில்லை. அவன் கைகளைத்தான் பார்த்தாள். அந்தக் கைகள்தான் அவள் கல்யாணப் பந்தலுக்கு வாழைமரம் கட்டியவை. பிறகு காறித் துப்பினாள். துப்பியது மேனேஜரின் தரையில் விழுந்ததால் பியூன் வந்து அவளை வெளியே தள்ளினான். செல்லிக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். அவன் தமிழில் படித்தபோதே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டிருந்தது. தம்பி பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

வழக்கு நடந்தது. அஜாக்கிரதை என்று ஆறு மாதம் போட்டார்கள். நாராயணம்மாவுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது, அவள் தாய்வீட்டோடு போய்விட்டாள். இரண்டாவது ரம்பம் வந்து இறங்கியது. அதைப் பொருத்த வந்த ஆல்தோ, தீமா எங்கே என்று ஒரு தடவை கேட்டானாம். யாருக்கும் பதில் சொல்ல அவன் பேச்சு தெரியவில்லை.

திம்மப்பன் வெளியே வந்தபின் ஜூஜுவாடி செக்போஸ்ட் பக்கம் லாரிகளில் மூட்டை ஏற்றி இறக்கப் போனான். வடக்கத்தி டிரைவர்கள் புதுப்புதுப் பேச்சாகப் பேசுவார்கள். நல்ல சொல் ஒன்று காதில் விழுந்தால் எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்வான்.

ஜெயிலிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் நாள், செல்லி கதவைத் திறந்துவிட்டாள். துரத்துவாள், அடிப்பாள், வாய்க்கு வந்தபடி வைவாள் என்று எதிர்பார்த்து வந்திருந்தான். வைதிருந்தால் தெலுங்கில்தான் வைதிருப்பாள். பேப்பர் அடுக்கு இருந்த மூலை காலியாக இருந்தது. அதை அவன் கேட்கவில்லை. செல்லி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"வாங்க. சோறு இருக்குது, போட்டுக்குங்க" என்றாள், தமிழில்.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. வாசலில் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. "செல்லி, நாதோ மாட்லாடு" என்றான். என்னோடு பேசு என்று, அவர்கள் பேச்சில்.

"என்ன வேணும், சொல்லுங்க" என்றாள் அவள்.

இது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. அவள் அவனுக்குச் சோறு வடிக்கிறாள், துணி துவைக்கிறாள், காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கித் தருகிறாள். பேசுவது மட்டும் தமிழ்தான். ஆரம்பத்தில் ஒரு வருஷம் அவன் தெலுங்கிலேயே பேசிப் பார்த்தான். கேட்ட பேச்சில் பதில் சொல்லும் ஊரில் அவள் ஒருத்தி மட்டும் சொல்லவில்லை. இப்போது அவனும் தமிழில்தான் கேட்கிறான்.

"தண்ணி குடுங்க" என்கிறான். கொடுக்கிறாள்.